பந்தலும் குடையும்

ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் சாலையின் இரு பக்கமும் கூரைகள் மாறி மாறி வரும். பால்வெள்ளையாகப் பளபளப்பது பாலித்தீன் ஷீட் போட்ட பசுமைக்குடில். பச்சையாகவோ கறுப்பாகவோ மங்கித் தெரிவது நிழல்வலைக் குடில். ஊரில் முன்னதைப் பாலிஹவுஸ் என்பார்கள். பின்னதை ஷேட்நெட், அல்லது வெறுமனே நெட். பேருந்து சன்னலிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே சாதி: இரும்புக் குழாயில் ஒரு கூடு, அதன்மேல் ஒரு போர்வை. உள்ளே போய் ஒரு மதியம் நின்றவருக்குத்தான் இரண்டும் செய்யும் வேலை வேறு என்று தெரியும்.

குடில் போட நினைக்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. "எது நல்லது, ஷீட்டா நெட்டா?" நான் திருப்பிக் கேட்பது: "உங்க ஊர்ல பயிரைக் கெடுக்கிறது வெயிலா, மழையா?" முக்கால்வாசிப் பேர் இதை யோசித்திருக்க மாட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறது, எதற்கு எவ்வளவு மானியம் என்பதைத்தான் விசாரித்து வைத்திருப்பார்கள். வலை என்பது பந்தல். ஷீட் என்பது குடை. கொட்டும் மழையில் பந்தலுக்குள் ஒதுங்கினால் என்ன ஆகும் என்பது கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். வெயிலுக்குக் குடை பிடிக்கலாம், ஆனால் அது கண்ணாடி போன்ற குடையாக இருந்தால் என்ன பயன்?

பந்தல் நமக்குப் புதிதல்ல. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை வரிசையாக விதைத்து, அதையே கொடி ஏறும் காலாகவும் தலைக்கு மேல் நிழலாகவும் வைத்துக்கொண்டவர்கள் நம் விவசாயிகள். நிழல் கூடிப்போனால் அகத்திக் கிளையைக் கழிப்பார்கள். கழித்த தழை ஆட்டுக்குப் போகும். நிழலின் அளவை அரிவாளால் கூட்டிக் குறைத்த ஏற்பாடு அது. நாற்றங்காலுக்குத் தென்னங்கீற்று வேய்வதும் அதே அறிவுதான். எச்.டி.பி.இ. இழையில் பின்னிய 35, 50, 75 சதவீத வலைகள் கடைக்கு வந்ததும் கீற்று போய் வலை வந்தது. வேலை மாறவில்லை.

குடையின் கதை வேறு. அது குளிர்நாட்டுச் சரக்கு. நெதர்லாந்தின் வெஸ்ட்லாந்தில் இன்றும் தக்காளி கண்ணாடிக் கூரைக்குக் கீழேதான் விளைகிறது. குளிர்காலத்தில் அங்கே வெளிச்சமே பஞ்சம். ஒளி ஒரு சதவீதம் குறைந்தால் விளைச்சலும் ஒரு சதவீதம் குறையும் என்பது அந்த ஊர்த் தோட்டக்காரர்களின் வாய்க்கணக்கு. 1933இல் இங்கிலாந்தின் நார்த்விச்சில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் பாலித்தீன் தற்செயலாகக் கிடைத்தது. 1948இல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்மர்ட், கண்ணாடிக்குச் செலவழிக்க வழியில்லாமல், மரச்சட்டத்தில் செலோஃபேன் தாளை இழுத்துக் கட்டிக் குடில் அமைத்தார். பிறகு பாலித்தீன் அந்த இடத்தைப் பிடித்தது. 1960களில் அது ஸ்பெயினின் தென்கோடியில் அல்மெரியாவுக்குப் போய்ச் சேர்ந்து, இன்று அங்கே 30,000 ஹெக்டேருக்கு மேல் ஒரே வெள்ளைக் கடலாகப் பரந்து கிடக்கிறது. அந்த அல்மெரியாவிலேயே கோடை ஏறும்போது கூரைக்குச் சுண்ணக்குழம்பால் வெள்ளையடிப்பார்கள். குளிர் தொடங்கும்போது கழுவிவிடுவார்கள். ஷீட்டின் தலைநகரத்திலேயே வருஷத்தில் சில மாதம் ஷீட்டை மறைத்தாக வேண்டியிருக்கிறது என்பதை நம்மூர்க் குடில் வியாபாரிகள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

குடிலுக்குள் ஏன் சூடேறுகிறது? வெயில் உள்ளே வரும், தரையிலிருந்து கிளம்பும் வெப்பக்கதிரை மேற்கூரை வெளியே விடாது என்று பள்ளியில் படித்திருப்போம். 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் இதைச் சோதித்துப் பார்த்தார். இரண்டு கறுப்புப் பெட்டிகள். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, மற்றதற்குப் பாறை உப்புத் தகடு. கண்ணாடி வெப்பக்கதிரைத் தடுக்கும்; பாறை உப்பு தடுக்காது. வெயிலில் வைத்தபோது இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுக்குச் சூடேறின. அதாவது பெட்டியைச் சூடாக்கியது பெரும்பாலும் வெளியேற முடியாமல் அடைபட்ட காற்றுதான்.

நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது, ஏனென்றால் சாதாரணப் பாலித்தீன் அந்தப் பாறை உப்புக்கு உறவுக்காரன். வெப்பக்கதிரில் பெரும்பகுதியை அது தாராளமாக வெளியே விட்டுவிடும். பகலில் காற்றை அடைத்துச் சூடேற்றும். ராத்திரி அந்தச் சூட்டை வானத்துக்குத் தாரை வார்க்கும். மேகமில்லாத, காற்றசையாத ராத்திரியில் மூடிய பாலித்தீன் குடிலுக்குள் வெளியைவிடக் குளிர் கூடுதலாக இறங்குவதும் உண்டு. மார்கழி, தையில் உறைபனி விழும் ஊட்டியில் "ஷீட் போட்டாச்சு, இனி பனி பயமில்லை" என்று படுத்துத் தூங்குவது சரியில்லை. வெப்பக்கதிரைத் தடுக்கும் சரக்கு சேர்த்த ஷீட்டுகள் கிடைக்கின்றன. மலையில் குடில் போடுகிறவர் கேட்டு வாங்க வேண்டியது அதை. சமவெளியில் அதே ஷீட்டை வாங்குவது காசு கொடுத்து வினையை விலைக்கு வாங்குவது.

சித்திரை மாதம், தர்மபுரிப் பக்கம், மதியம் ஒரு மணி. பக்கத் திரைகளையெல்லாம் சுருட்டி, மேல் திறப்பையும் விட்டிருந்த ஒரு பாலிஹவுஸ். வெளியே 37 டிகிரி இருந்தால் இப்படிப்பட்ட குடிலுக்குள் 41, 42க்குக் குறையாது. குடைமிளகாய்ச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, இலையெல்லாம் கரும்பச்சையாக, பார்க்கக் கண்கொள்ளாத அழகு. ஒரு பூவைத் தொட்டேன். காம்பு கணுவோடு மஞ்சளித்திருந்தது; விரல் பட்டதும் உதிர்ந்தது. அடுத்ததும் அப்படியே. கீழே மல்ச்சிங் ஷீட்டின் மேல் பொரி சிந்தியது போல வெள்ளைப் பூக்கள். பகலில் 32, 33 டிகிரியைத் தாண்டினாலே குடைமிளகாய்க்குக் காய்ப்பிடிப்பு தடுமாறும். செடி செழித்தது, பயிர் போயிற்று.

அடுத்த வயலின் நெட் ஹவுஸில் வெப்பமானி ஏறத்தாழ வெளியே உள்ள அளவையேதான் காட்டியது. வலை காற்றைப் பெரிதாகக் குளிர்விப்பதில்லை; பலர் அப்படி நம்பி ஏமாறுகிறார்கள். அது குளிர்விப்பது இலையை. நேர்வெயிலில் தக்காளி இலையைத் தொட்டுவிட்டு, வலைக்குக் கீழே இருக்கும் இலையைத் தொட்டால் வித்தியாசம் விரலுக்குத் தெரியும். இலை குளிர்ந்தால் நீராவிப்போக்கு குறையும், வேருக்கு நெருக்கடி குறையும், பழத்தில் வெயில் கொப்பளம் வராது. சூடான காற்று வந்த வழியே போய்விடும். அவ்வளவுதான் வலையின் சாமர்த்தியம்.

சரி, பாலிஹவுஸுக்குள்ளேயே ஒரு நிழல்வலையைக் கட்டிவிட்டால்? பலர் அதைத்தான் செய்கிறார்கள். இங்கேதான் கணக்கு வருகிறது. வெளியே 100 பங்கு ஒளி. புது ஷீட் 85 முதல் 90 பங்கு வரை விடும் என்று விற்பனைத் தாளில் இருக்கும், பொய்யில்லை. ஆனால் குழாய்களின் நிழல், மேலே படியும் புழுதி, உள்பக்கம் ஒட்டும் நீர்த்துளி எல்லாம் போக, ஒரு வருஷம் ஆன குடிலில் செடிக்கு வந்து சேர்வது 65 பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே 50 சதவீத வலை. மிஞ்சுவது 32, 33. சித்திரை மதியத்தில் வெளியே ஒரு லட்சம் லக்ஸுக்கு மேல் இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலும் பல பயிர்கள் சமாளித்துக்கொள்ளும். ஆவணி, புரட்டாசியில் மூடாக்கு போட்ட வானத்தின் கீழ் அதே வலை அங்கேயே தொங்கினால் செடி பட்டினி கிடக்கும். வலையைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவிழ்ப்பதில்லை. கயிறு இழுத்தால் சுருண்டுகொள்ளும்படி அமைத்தவர்களுக்கு மட்டுமே அது உதவுகிறது. உள்ளே கட்டும் வலையில் இன்னொரு சிக்கலும் உண்டு: வெயில் ஷீட்டைத் தாண்டி வந்த பிறகுதான் வலையில் படுகிறது. கறுப்பு வலையானால் அந்தச் சூட்டைக் குடித்து, உள்ளேயே திருப்பி விடும். நிழல் ஷீட்டுக்கு வெளியே இருந்தால்தான் சூடு வாசலோடு நிற்கும். அதனால்தான் அல்மெரியாக்காரன் கூரையின் மேல்புறம் பூசுகிறான்.

வலையின் நிறத்தைப் பற்றி ஒரு சொந்தக் கதை. முதன்முதலில் நாற்றங்காலுக்கு நான் வாங்கியது பச்சை வலை, அதுவும் 75 சதவீதம். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: செடி பச்சை, வலையும் பச்சை, கண்ணுக்குக் குளிர்ச்சி. பச்சையாகத் தெரிகிற பொருள் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிவிட்டுப் பச்சையை விடுகிறது என்ற சின்ன விஷயம் அன்று உறைக்கவில்லை. இலை அதிகம் விரும்புவது அந்தச் சிவப்பையும் நீலத்தையும்தான். இருபது நாளில் தக்காளி நாற்று நூல் பிடித்தது போல நெட்டையாகி, குழித்தட்டை ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் சாய்ந்தது. நட்டதில் பாதி எழுந்திருக்கவே இல்லை. கறுப்பு வலை ஒளியின் நிறத்தை மாற்றாமல் அளவை மட்டும் குறைக்கும். வெள்ளை வலை ஒளியைச் சிதறடித்து அடியிலைகளுக்கும் பங்கு கொடுக்கும். இஸ்ரேலின் வோல்கானி ஆய்வு மையத்தில் யோசெஃபா ஷஹாக் குழுவினர் சிவப்பு, மஞ்சள், முத்து நிறம் என்று வலைகளைப் போட்டுச் செடி எப்படி மாறுகிறது என்று பல ஆண்டுகள் பார்த்தார்கள். நிழலின் அளவு ஒன்றாகவே இருந்தாலும் நிறம் மாறினால் செடியின் நடத்தை மாறுகிறது என்பது அந்த வேலையின் சாரம். நம் கடைகளில் இன்னும் பச்சைதான் முன்னால் தொங்குகிறது.

ஷீட்டிலும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத குணங்கள் உண்டு. வழக்கமாகப் போடுவது 200 மைக்ரான், பழைய பேச்சில் 800 கேஜ். புறஊதாக் கதிரைத் தாங்கும் சரக்கு சேர்க்காத ஷீட் ஒரு கோடையைத் தாண்டுவதே கஷ்டம். சேர்த்தது மூன்று வருஷம் போல உழைக்கும். ரோஜாக்காரர்கள் புறஊதாவை முழுக்கத் தடுக்கும் ஷீட்டைத் தேடுவார்கள். சிவப்பு ரோஜாவின் இதழ் ஓரம் கறுப்பதற்கு அந்தக் கதிரும் ஒரு காரணம். ஓரம் கறுத்த பூ பெட்டியேறாது. அதே ஷீட்டின் கீழ் கத்தரி போட்டால் ஊதா நிறம் வெளுத்துப்போகும், ஏனென்றால் அந்த நிறம் ஏறவே புறஊதா வேண்டும். ரோஜாவுக்கு நல்லது கத்தரிக்கு ஆகாது. பிறகு கந்தகம். சாம்பல் நோய்க்கு ராத்திரி கந்தகத்தை ஆவியாக்கி விடுவது ரோஜாக் குடில்களில் வழக்கம். அந்த ஆவி ஷீட்டில் சேர்த்திருக்கும் காப்புச் சரக்கைத் தின்றுவிடும். மூன்று வருஷ ஷீட் இரண்டாம் வருஷமே கிழிந்தால் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் கந்தகக் கணக்கைப் பார்க்க வேண்டும். கிழிசல் எங்கே தொடங்குகிறது என்று கவனித்தால், பெரும்பாலும் குழாய் மேல் ஷீட் படிந்திருக்கும் கோட்டில்தான். வெயிலில் காய்ந்த ஜி.ஐ. பைப் தோசைக்கல் மாதிரி. அந்த இடத்தில் மட்டும் வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டு ஷீட்டை ஏற்றும் ஆட்களை நான் மேஸ்திரி என்று மதிப்பேன்.

இவ்வளவு குறை சொன்ன ஷீட்டை விடாமல் ஏன் போடுகிறார்கள்? மழைக்காக. நம் நாட்டில் ஷீட் தன் விலையைச் சம்பாதிப்பது சூட்டால் அல்ல, இலையை நனையாமல் வைத்திருப்பதால். நீலகிரியில் கார்னேஷன் வளர்க்கிறவரைக் கேளுங்கள். மூடுபனியும் தூறலும் நாள்கணக்கில் விடாத பருவத்தில் மொட்டில் ஈரம் தங்கினால் சாம்பல் பூசணம் வரும். ஒரே வாரத்தில் பாத்தி முழுக்கப் பழுப்பு. அங்கே வலை போட்டுப் பயனில்லை. மழையை விட்டுவிடும், மிச்சமிருக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் பாதியாக்கும். வலுவான தண்டு வேண்டிய கார்னேஷனுக்கு அது இரட்டைத் தண்டனை.

வலையில் மழை நுழைவது மட்டுமல்ல விஷயம், எப்படி நுழைகிறது என்பதும். தூறல் வலையின் இழைகளில் பட்டு, திரண்டு, பெரிய சொட்டாகிக் கீழே விழும். வெளியே விழுவதைவிட அது கனமான சொட்டு. குழித்தட்டில் ஒரு குழிக்கு ஒரு கைப்பிடிகூட இல்லாத தென்னை நார்க்கழிவு. சொட்டு விழுந்த இடத்தில் அது தெறித்து வேர் வெளியே தெரியும். வலை தொய்ந்த இடமானால் ஒரே கோட்டில் ஊற்றும். மழை நின்ற மறுநாள் போய்ப் பார்த்தால், தொய்வு எங்கெங்கே என்று நிமிர்ந்து பார்க்காமலே தட்டுகளைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அந்தக் கோட்டில் நாற்றழுகல் வரிசையாக நிற்கும்.

ஆனால் மழையைத் தடுப்பதற்கும் ஒரு விலை உண்டு. பாலிஹவுஸ் மண்ணுக்கு வருஷம் முழுக்க வானத்துத் தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. சொட்டுநீரில் உரம் கலந்து கலந்து விடுகிறோம். செடி எடுத்தது போக மிச்ச உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். ஆழ்துளைக் கிணற்று நீரே உப்புக்கரிக்கும் ஊர்களில் கேட்கவே வேண்டாம். நாலைந்து வருஷத்தில் பாத்தி ஓரம் வெள்ளையாகப் பூக்கும். வேர்முடிச்சு நூற்புழுவும் அதே மண்ணில் குடும்பம் பெருக்கும். குடைமிளகாயையோ ஜெர்பராவையோ பிடுங்கி வேரைப் பார்த்தால் ஜவ்வரிசி கோத்தது போல இருக்கும். வலைக்குள் மண்ணுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. ஐப்பசி மழை வந்து உப்பைக் கழுவிக்கொண்டு கீழே போய்விடும். பாலிஹவுஸ்காரர் செய்யக்கூடியது, தன் கூரையில் விழுந்து வீணாக ஓடும் மழையைப் பிடித்து மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது. ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு ஆயிரம் லிட்டர். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் பெய்யும் இடத்தில் எட்டு லட்சம் லிட்டர், உப்பில்லாத தண்ணீர். கூரை மடிப்பில் வாய்க்கால் இருந்தும் அதைப் பண்ணைக்குட்டைக்குத் திருப்பாமல் ரோட்டுப் பள்ளத்துக்கு விடுகிற குடில்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

பூச்சி விஷயத்தில் இரண்டும் தனியாக நின்றால் தோல்விதான். நிழல்வலையின் கண்ணில் வெள்ளை ஈ தாராளமாக நுழையும். பாலிஹவுஸின் பக்கத் திறப்புகளில் 40 மெஷ் பூச்சிவலை கட்டியாக வேண்டும். கட்டினால் காற்றோட்டம் குறைந்து முன்னே சொன்ன சூடு இன்னும் ஏறும். இலைப்பேனைத் தடுக்க இன்னும் நெருக்கமான வலைக்குப் போனால் மூச்சே முட்டும். எந்த வலையானாலும் தேனீயும் வெளியேதான் நிற்கும். உள்ளே பாகல் போட்டவர் விடிந்ததும் ஆண் பூவைப் பறித்துக்கொண்டு பெண் பூக்களிடம் தரகு வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

காற்று: ஷீட் கப்பல்பாய், வலை சல்லடை. கோடை மழையோடு சுழன்றடிக்கும் ஊர்களில் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

பணம்: 2014ஆம் ஆண்டுத் தோட்டக்கலை இயக்க வழிகாட்டுதலில், இயற்கைக் காற்றோட்டக் குழாய்ப் பாலிஹவுஸுக்கு அளவைப் பொறுத்துச் சதுர மீட்டருக்கு 844 முதல் 1,060 ரூபாய் வரை, குழாய் நிழல்வலைக் குடிலுக்கு 710 ரூபாய் என்று செலவு மதிப்பு. இரண்டுக்கும் அதில் பாதி மானியமாக இருந்தது. வித்தியாசம் அப்படியொன்றும் பெரிதில்லை என்று தோன்றும். அந்தத் தோற்றம்தான் பலரை ஷீட் பக்கம் தள்ளியது. "கொஞ்சம் கூடப் போட்டா பாலிஹவுஸே வந்துடுது" என்று சொல்லிச் சமவெளியில் கட்டிய எத்தனையோ குடில்கள் இன்று வெறும் எலும்புக்கூடாக நிற்கின்றன. ஷீட் மாற்றும் மூன்றாம் வருஷச் செலவுக்கு அந்த மானியக் கோப்பில் இடம் இருக்கவில்லை.

இடத்தை வைத்துச் சொன்னால் என் தீர்ப்பு இதுதான். நீலகிரியில் ஷீட், வலைக்கு அங்கே வேலை குறைவு. தர்மபுரி, திண்டுக்கல் சமவெளிகளில் காய்கறிக்கும் நாற்றுக்கும் வலை, அதுவும் 35 அல்லது 50 சதவீதம், கறுப்போ வெள்ளையோ. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வெள்ளரி போன்ற ஒன்றிரண்டு பயிருக்கு மட்டும், நல்ல உயரமாகக் கட்டினால் ஷீட்டை யோசிக்கலாம். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர், தளிப் பகுதிதான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மலையளவு குளிரும் இல்லை, சமவெளியளவு வெயிலும் இல்லை. ரோஜாவும் குடைமிளகாயும் அங்கே ஷீட்டின் கீழ் பிழைப்பதற்கு அந்த உயரம்தான் காரணம். கொய்மலருக்கான இந்தோ-இஸ்ரேல் மகத்துவ மையத்தைத் தளியிலும், காய்கறிக்கானதைத் திண்டுக்கல் பக்கம் ரெட்டியார்சத்திரத்திலும் வைத்ததில் ஒரு பொருத்தம் தெரிகிறது. தளியில் நன்றாக வந்ததே என்று அதே குடிலை அப்படியே பெயர்த்துக் கீழே கொண்டுபோனவர்கள்தான் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் இந்த வழக்கையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அவருடையது கறுப்பு 50 சதவீத வலை. புரட்டாசி பிறந்ததும் மேலே தளிப் பக்கம் போய், ரோஜாக் குடில்களில் கழற்றிப் போட்ட பழைய ஷீட்டை எடைக்கு வாங்கி வருவார். மூன்று வருஷம் வெயிலில் காய்ந்து மங்கிப்போனது. ரோஜாவுக்கு இனி அது உதவாது. மூங்கிலை வில்லாக வளைத்து நட்டு, குழித்தட்டு வரிசைகளுக்கு மேல் இடுப்புயரத்தில் அதைப் போர்த்துவார். வலை மேலே, ஷீட் கீழே. "இருட்டாயிடாதா அண்ணா?" என்றேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, வலையைக் கட்டியிருந்த கயிற்றைத் தூணிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினார். மேற்கே கருத்திருந்தது. முழு வலையையும் ஓரத்துக்குச் சுருட்டித் தள்ள அவருக்கும் அவர் மகனுக்கும் கால் மணி நேரம் ஆயிற்று. முதல் சொட்டு விழும்போது பந்தல் ஒரு மூலையில் மூட்டையாகக் கிடந்தது. நாற்றுகள் பழைய ஷீட்டுக்குக் கீழே, நனையாமல், மழை வெளிச்சத்தில் நின்றன.